மாணாக்கரைத் தாங்கிய துறவி: சுவாமி விபுலாநந்தர்

பதுளை நகரிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை ஆகிய ஊர்களின் வழியாக இறங்கிச் செல்லும் பெருந்தெரு, செங்கலடியிலே மட்டக்களப்புச் சமவெளியை அடைகின்றது. மலைநாட்டுத் தமிழரையும் கீழைக்கரைத் தமிழரையும் இணைத்து நிற்பது அத்தெரு. அது சென்று சேரும் மட்டக்களப்பு நாடு தமிழுலகிற்கு அளித்த பெருங்கொடையே சுவாமி விபுலாநந்தர்.

அவரை முத்தமிழ் வித்தகர் என்று புலவர் போற்றுவர். யாழ்நூல் கண்ட பேராசிரியர் என்று இசைவாணர் வணங்குவர். இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியென்று அடியார் கைகூப்புவர். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் நம் சங்கத்து இளைஞர்கள், சிறப்பாகப் படிக்கும் பருவத்திலுள்ளோர், அவருடைய வாழ்விலே முதலில் அறிந்துகொள்ளவேண்டியது வேறொன்று உண்டு. கடினமான பரீட்சைகள் பலவற்றிலே தேறிய ஒருவர், அத்தேர்ச்சியைத் தம் சொந்த உயர்வுக்கு ஏணியாக்கிக்கொள்ளாமல், கைப்பொருளில்லாத பிள்ளைகள் படிப்பதற்குத் தோள் கொடுக்கவே செலவிட்டார் என்பதே அது. அந்த ஒரு கருத்தை மனத்திற்கொண்டு அவருடைய சரிதத்தை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கல்முனைக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்தது காரைதீவு என்னும் பழம்பதி. அக்காலத்திலே அது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; இன்று அம்பாறை மாவட்டத்துள் அடங்கும். வயலும் தென்னஞ்சோலையும் கண்ணகியம்மன் கோயிலும் விளங்கும் அவ்வூரிலே, சாமித்தம்பி, கண்ணம்மை என்னும் பெற்றோருக்கு 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆந் தேதி ஓர் ஆண் மகவு பிறந்தது. மயில்வாகனன் என்று பெயரிட்டார்கள்.

ஊர்ப் பள்ளியிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் மயில்வாகனனார் அகரம் பயின்றார். தமிழிலக்கியமும் வடமொழியும் வைத்தியலிங்க தேசிகரிடம் கேட்டார். பின்னர்க் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலம் கற்றார். பிற்காலத்திலே பல பாடசாலைகளை நடத்திய அப்பெருமகனுக்கு இளமையிலே கைகொடுத்தவர்கள் கிராமத்து ஆசிரியர் ஒருவரும், பழம்புலவர் ஒருவரும், வேற்றுச் சமயத்தார் நடத்திய பாடசாலைகள் இரண்டும் ஆவர். எந்த மாணாக்கனும் தனியே நின்று கற்றுவிடுவதில்லை. அவனுக்குப் பின்னால் யாரோ சிலர் நிற்கின்றனர். நம் பிள்ளைகளுக்குப் பின்னால் யார் நிற்கின்றனர் என்பதே நாம் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.

பன்னிரண்டு ஆண்டு வழிநடை

1908ஆம் ஆண்டு, தமது 16ஆம் வயதிலே, மயில்வாகனனார் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே சித்தியெய்தினார். அந்நாளில் அது எளிய காரியமன்று. வினாக்கள் கடல் கடந்து வரும். விடைகள் கடல் கடந்து போகும். வீட்டிலே ஆங்கிலம் பேசாத கிராமத்துப் பிள்ளை ஆங்கில மொழியிலேயே எல்லாப் பாடங்களையும் எழுதித் தேறவேண்டும். தேறியவன் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போவதே உலக வழக்கம். மயில்வாகனனாரோ தாம் படித்த பாடசாலைகளிலேயே ஆசிரியராக அமர்ந்தார்.

அங்கிருந்து அவர் நடந்த வழியை ஆண்டு ஆண்டாக நோக்கவேண்டும். 1911ஆம் ஆண்டிலே கொழும்புக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். பயிற்சி முடித்து மீண்டும் மட்டக்களப்பிலே கற்பித்தார். பின்னர்க் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே சேர்ந்து, 1916ஆம் ஆண்டு விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். அதே 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒரு புறம் சோதனைக்குழாயும் அமிலமும். மறுபுறம் இலக்கணமும் சங்க நூல்களும். இரண்டும் ஒரே மாணாக்கனின் மேசைமேல் இருந்தன. 1917ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியரானார். பகலிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொண்டே தம் படிப்பையும் தொடர்ந்து, 1920ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். அப்பொழுது அவருக்கு வயது 28.

கேம்பிரிட்ஜ் சீனியரிலிருந்து பட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. இன்று உயர்தரப் பரீட்சையிலே முதல் முறை வெட்டுப்புள்ளி தவறியதும், 19 வயதிலேயே வாழ்வு முடிந்துவிட்டதென்று கலங்கும் நம் பிள்ளைகள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நலம். மயில்வாகனனார் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டே கற்றார், கற்பித்துக்கொண்டே கற்றார். வழி நீண்டதாயிருந்தது, ஆனால் அவர் நிற்கவில்லை. விரைந்து சென்றவரென்று எவரும் அவரைப் புகழ்வதில்லை; சென்றடைந்தவரென்றே உலகம் அவரை அறியும்.

துறவு பூண்டமை

பட்டம் பெற்ற 1920ஆம் ஆண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரை வந்தடைந்தது. இளமை, பட்டம், பதவி, ஊரார் மதிப்பு ஆகிய யாவும் ஒருங்கே கிட்டிய வேளை அது. யாழ்ப்பாணத்திலே இருந்த காலத்தில் இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த சுவாமி சர்வாநந்தரின் தொடர்பு அவருக்கு ஏற்பட்டிருந்தது. மக்களுக்குச் செய்யும் தொண்டே மகேசனுக்குச் செய்யும் பூசை என்னும் அச்சங்கத்தின் நெறி அவருள்ளத்திலே வேரூன்றிற்று. 1922ஆம் ஆண்டு, அதிபர் பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமத்தோடு அங்கே பயின்று, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய பத்திரிகைகளின் பணியிலும் ஈடுபட்டார். 1924ஆம் ஆண்டு சித்திராபூரணை நாளன்று, பகவான் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவாநந்தரிடம் சந்நியாச தீட்சை பெற்று, சுவாமி விபுலாநந்தர் என்னும் திருநாமம் பூண்டார். நம் பதுளைக்கு முதன்முதலாகப் புகையிரதம் வந்துசேர்ந்ததும் அதே 1924ஆம் ஆண்டிலேயாம்.

துறவு என்றால் காட்டுக்குச் செல்லுதல் என்று சிலர் எண்ணுவர். சுவாமிகள் சென்றதோ வகுப்பறைக்கு. 1925ஆம் ஆண்டு இலங்கைக்குத் திரும்பி, இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார்கள்.

பள்ளியும் விடுதியும்

அக்காலத்து நிலைமையை இன்றைய இளைஞர் அறிந்துகொள்ளவேண்டும். 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி வருவதற்கு முன், உத்தியோகத்துக்கும் உயர்கல்விக்கும் வழிவிடும் ஆங்கிலப் பாடசாலைகளிலே மாதந்தோறும் கட்டணம் செலுத்தவேண்டும். கட்டணம் செலுத்த இயலாதவனுக்கு ஊர்ப் பள்ளியோடு படிப்பு நின்றுவிடும். தந்தையை இழந்த பிள்ளைக்கும், கூலி வேலை செய்வோர் பிள்ளைக்கும் அதுவும் அரிதாயிருந்தது.

சுவாமிகள் யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயத்தையும் கீழ்மாகாணத்துப் பாடசாலைகளையும் மேற்பார்த்தார்கள். மிஷனின் பொறுப்பிலே வந்த திருகோணமலை இந்துக் கல்லூரியிலே சில காலம் அதிபராகவும் அமர்ந்தார்கள். பிறந்த ஊரான காரைதீவிலே பெண்பிள்ளைகள் கற்பதற்குச் சாரதா வித்தியாலயம் எழுந்தது. 1929ஆம் ஆண்டு, மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே, தம் குருநாதரின் பெயரால் சிவாநந்த வித்தியாலயத்தைத் திறந்தார்கள்.

பாடசாலை கட்டியவர்கள் நம் நாட்டிலே பலர் உளர். சுவாமிகள் பாடசாலையோடு நின்றுவிடவில்லை. ஆதரவற்ற சிறுவர்களை ஏற்று, உணவும் உடையும் உறைவிடமும் நூல்களும் கொடுத்து வளர்க்கும் இல்லத்தையும் உடன் அமைத்தார்கள். பசித்த வயிற்றோடு ஒரு பிள்ளையை வாங்கிலே இருத்திப் பெருக்கல் வாய்பாடு கேட்பது தகாது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். பிள்ளை கற்கவில்லையென்றால், மூளையைக் குறை கூறுமுன் அடுப்பைப் பார்க்கவேண்டும், விளக்கைப் பார்க்கவேண்டும், இரவிலே படுக்க இடமிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிவாநந்த வித்தியாலயமும் அதனைச் சார்ந்த மாணவர் இல்லமும் இந்த அறிவின்மேல் நின்றன. ஏழைப் பிள்ளைக்கு இரங்கிப் பணம் கொடுப்போர் அன்றும் இருந்தனர். அப்பிள்ளை படித்து முடிக்கும்வரை உடனிருந்து தாங்குவதே சுவாமிகள் செய்த தொண்டு.

1931ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார்கள். புலவர் சிலர் பாரதியாரை ஏற்கத் தயங்கிய அந்நாளிலே, மாணாக்கரிடையே பாரதி பாடல்களின் சுவையைப் பரப்பினார்கள். பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலே தீண்டத்தகாதோரென்று ஒதுக்கப்பட்டு வாழ்ந்த மக்களின் சேரிக்கும் சென்று, அங்குள்ள பிள்ளைகளின் கல்வியிலே கருத்துச் செலுத்தினார்கள். பேராசிரியர் பீடமும் சேரிப் பிள்ளையின் சிலேட்டும் அவர்களுக்கு ஒன்றாகவே தோன்றின.

தாய்மொழியிலே விஞ்ஞானம்

மாணாக்கனை வருத்தும் சுமைகளுள் மொழிச்சுமையும் ஒன்று. விளங்காத மொழியிலே கற்பவன் பாடத்தையும் மொழியையும் ஒருங்கே சுமக்கிறான். இறுதியில் பொருளறியாது மனனஞ் செய்கிறான். விஞ்ஞான ஆசிரியராயிருந்த சுவாமிகள் இத்துன்பத்தை நேரிற் கண்டவர்கள். இரசாயனமும் பௌதிகமும் தமிழிலே கற்பிக்கப்படவேண்டுமாயின் அவற்றுக்குரிய சொற்கள் வேண்டும். 1930களிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியிலே சுவாமிகள் முன்னின்று உழைத்தார்கள். 1936ஆம் ஆண்டு அதற்கென்று கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்கள். இன்று நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தைத் தமிழிலே படித்துத் தமிழிலே பரீட்சை எழுதுகிறார்கள். அத்தகைய முன்னோர் சொல் சொல்லாகத் தேடி வைத்த உழைப்பு அதற்கு அடியிலே இருக்கின்றது.

தாய்மொழிப் பற்றினால் ஆங்கிலத்தை வெறுத்தவரல்லர் சுவாமிகள். ஆங்கில இலக்கியத்தை ஆழ்ந்து கற்று, ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி மதங்கசூளாமணி என்னும் நூலை 1926ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலே தங்கி, பிரபுத்த பாரத என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கு 1939 முதல் 1941 வரை ஆசிரியராயிருந்தார்கள். வேற்று மொழியைத் துணையாகக் கொள்க, அதனைப் பிள்ளையின் தலைமேல் பாரமாக வைக்கற்க என்பதே அவர்களுடைய வாழ்வு காட்டிய வழி.

நிறைவு

1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943ஆம் ஆண்டு சுவாமிகள் நியமனம் பெற்றார்கள். காரைதீவுக் கடற்கரையிலே அகரம் எழுதிய சிறுவர், நாட்டின் உயர்ந்த கல்விக்கூடத்திலே தமிழுக்கு இருக்கை கண்டார்.

பல்லாண்டு ஆராய்ந்த யாழ்நூல், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. மறைந்துபோன பழந்தமிழ் யாழை மீட்டுக் காண்பதற்குச் சிலப்பதிகாரப் புலமை வேண்டும். ஒலியின் இயல்பை அறியும் பௌதிகமும் கணிதமும் வேண்டும். 1916ஆம் ஆண்டு ஒரே மேசைமேல் இருந்த இருவகைப் படிப்பும் 31 ஆண்டுகளின் பின் ஒரே நூலாகப் பயன் தந்தன. கற்ற கல்வி ஒன்றும் வீண்போவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா. உடல் நலிவுற்றிருந்த சுவாமிகள், அவ்வரங்கேற்றம் முடிந்து ஏழு வாரங்கள் நிரம்புமுன், 1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆந் தேதி, தமது 55ஆம் வயதிலே இறையடி எய்தினார்கள். திருமேனி சிவாநந்த வித்தியாலயத்து வளவிலேயே சமாதி வைக்கப்பட்டது. பிள்ளைகள் படிக்கும் ஒலி கேட்கும் இடத்திலேயே அவர்கள் இன்றும் துயில்கின்றார்கள்.

ஊவா மலைக்கு இச்சரிதம் கூறுவது

சுவாமிகளின் பணிக்களம் கீழ்மாகாணமும் யாழ்ப்பாணமும் தமிழகமுமாகும். ஆயினும் அவர்கள் தாங்கிய பிள்ளையும் நம் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே துன்பத்தை அறிந்தவர்கள்.

நம் மலைகளிலே கல்வி எவ்வளவு தாமதித்து வந்ததென்பதை மூத்தோர் அறிவர். தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமை 1907ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோட்டத்தார்மேல் வைக்கப்பட்டது. பத்து வயதுக்கு மேல் கொழுந்துக் கூடையும் முள்ளுக்குத்தலுமே பிள்ளைக்கு என்பது அதன் உட்கிடை. 1945ஆம் ஆண்டு நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கீழேயே, ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாக இருந்துவந்தது. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறின. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மூன்று தலைமுறை ஏறிய படிகளை, மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் உள்ள பிள்ளை ஒரே தலைமுறையில் ஏறவேண்டியிருக்கிறது.

அப்பிள்ளையின்மேல் நாம் ஏற்றும் பாரத்தையும் எண்ணுக. பத்து வயதிலே ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை, பின்னர்ச் சாதாரண தரம், அதன்பின் உயர்தரம். ஒவ்வொரு பெறுபேறு வரும் நாளிலும் லயம் முழுவதும் கேள்வி கேட்கிறது. பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ ஆசிரியர் நெடுநாள் இல்லாத பாடசாலையிலே படித்தவன், ரியூசன் வகுப்புக்கு நகரம் வர பஸ் செலவில்லாதவன், அந்தப் பாடத்திலே தவறினால் அவனையே குற்றவாளியாக்கி நிறுத்துகிறோம். இனிப் படித்தது போதும், கொழும்பிலே கடையிருக்கிறது, வீட்டு வேலையிருக்கிறது என்று அனுப்பிவிடுகிறோம். பரீட்சை ஒரு பாடத்திலே ஒரு நாளிலே அவன் எழுதியதை அளக்கிறதேயன்றி, அவனை அளக்கவில்லை. பரீட்சைகள் பல வென்ற சுவாமிகளே பிள்ளைகளை இல்லத்திற் சேர்க்கும்போது புள்ளியை நோக்காது தேவையை நோக்கினார்கள் என்றால், நாம் நோக்கவேண்டியது எது?

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை தவறிய நாளிலே கடுஞ்சொல் கூறாதீர்கள். தேறாத பாடத்தை மறுமுறை எழுதலாம். உடைந்த மனத்தை ஒட்டுவது அரிது. சோறு உண்ணாமலும் எவரோடும் பேசாமலும் ஒதுங்கியிருக்கும் பிள்ளையின் அருகிலே சென்று அமருங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு காம்பராவிலே ஆறேழு பேர் வாழுமிடத்தில் படிப்பதற்கு மூலை கிடையாது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில் மண்டபம் உண்டு. வாசிகசாலையோ சங்க மண்டபமோ உண்டு. மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அங்கே ஒரு விளக்கு எரியட்டும். இரண்டு மேசைகள் இருக்கட்டும். உயர்தரம் படிப்பவன் சாதாரண தரத்தாருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கட்டும். சாதாரண தரம் படிப்பவள் சிறுவர்களை வாசிக்க வைக்கட்டும். பல்கலைக்கழகம் சென்ற அண்ணன்மார், அக்காமார் விடுமுறையிலே வந்து, விண்ணப்பப் படிவம் நிரப்புவது எப்படி, எந்தப் பாடத்துக்கு எந்த வழி உண்டு என்று எடுத்துரைக்கட்டும். படிப்பை இடையிலே விட்ட பிள்ளையின் வீட்டுக்கு இருவர் சென்று காரணம் கேட்கட்டும். திருவிழாச் செலவிலே ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே கொப்பிகளுக்கும் பஸ் கட்டணத்துக்கும் வழி பிறக்கும். இவற்றுள் ஒன்றுக்கும் பெருஞ்செல்வர் வேண்டா. தவறாது வருபவர் நால்வர் போதும்.

கற்பித்துக்கொண்டே கற்றவர் சுவாமிகள். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதனால் தம் படிப்புக் கெடுமோ என்று அஞ்சும் இளைஞர், அவர்களுடைய 1908 முதல் 1920 வரையான ஆண்டுகளை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

சுவாமிகளின் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறோம். அது நன்றே. அம்மாலையோடு நம் தோட்டங்களிலே மாலை வேளைகளில் படிப்பு விளக்குகளும் ஏற்றப்படுமானால், கல்லடியிலே துயிலும் அத்துறவியின் உள்ளம் நம் மலைகளை நோக்கி மகிழும். ஏற்றுவோமாக.